கரண்டா பெட்ரோலா

இசைவாணி என் கடைக்கு ஆகாதவள். ஒரகடம் கூட்டுரோட்டில் பதினெட்டு வருஷமாக கார் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன், பெயர் சபாபதி. காலையில் நாலு மெக்கானிக்குகள் வந்து பிளக், காயில், பம்ப் என்று வாங்கிப் போனால்தான் எனக்குப் பிழைப்பு. அப்படிப்பட்டவன் கண்ணெதிரில் ஒருத்தி வந்து நின்று, "இந்த வண்டிக்கு இது வேணாண்ணா" என்று கஸ்டமரைத் திருப்பி அனுப்பினால் வயிறு எரியுமா எரியாதா? எனக்கு எரிந்தது. ஆனாலும் அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். வேறு யாராவது எழுதினால் அவளை நல்லவள் என்று சொல்லிவிட்டு, நடுவில் நான் அடித்த கூத்தை மரியாதைக்காக விட்டுவிடுவார்கள்.

அவளுக்கு முப்பத்து நாலு வயது. மணிமங்கலத்துப் பக்கம் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு இங்கே ஒரு என்ஜின் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். லைனில் பூட்டி முடித்த என்ஜின் கடைசியாக ஒரு மேடைக்கு வரும். அங்கேதான் அதை முதல் தடவையாக ஓட விட்டுப் பார்ப்பார்கள். ஒழுங்காக ஓடினால் பச்சை விளக்கு, கோளாறு என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் ஒரு பட்டனை அழுத்தி என்ஜினைப் பக்கத்து லைனுக்குத் தள்ளிவிட வேண்டும். ஏழு வருஷம் அவள் பார்த்த வேலை அவ்வளவுதான்.

அந்தச் சிவப்பு விளக்கு அவளைத் தூங்க விடவில்லையாம். ஏன் சிவப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சூப்பர்வைசர் பிரசன்னாவிடம் கேட்டிருக்கிறாள்.

"சார், இது கரண்ட் கோளாறா, பெட்ரோல் கோளாறா?"

"அது உன் வேல இல்லம்மா. சிவப்பு வந்தா பட்டன அழுத்து."

பிரசன்னா கெட்டவன் இல்லை, அவனுக்கும் தெரியாது என்று இப்போது சொல்கிறாள். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியாமலே விட்டுவிட அவளால் முடியாது. ஏழாவது வருஷம் அந்த மேடைக்கு ஒரு மெஷின் வந்தது. அதுவே பார்த்தது, அதுவே பட்டனை அழுத்திக்கொண்டது. இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வரும்போது கம்பெனியிலிருந்து கொண்டு வந்தது ஒரு பழக்கம் மட்டும்தான். அங்கே ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிச் சரிபார்த்த பிறகு அதன் தலையில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள். நான் பார்த்துவிட்டேன், இதற்கு நான் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். இன்றைக்கும் அவள் சட்டைப் பையில் அந்தப் பேனா இருக்கும்.

படப்பையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் முதல் தடவை என் கடைக்கு வந்தாள். மெக்கானிக்குகள் புதுசு வாங்கிக்கொண்டு பழசை என் கடையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். பழைய இரும்புக்காரன் வருகிறவரை அது பின்னால் மூட்டையில் கிடக்கும். இவள் அந்த மூட்டையைக் கேட்டாள்.

"இன்னாத்துக்கும்மா உனக்கு இந்தக் குப்ப?"

"அறுத்துப் பாக்கணுண்ணா. உள்ள இன்னா கீதுன்னு யாரும் காட்ட மாட்றாங்க."

போய்த் தொலையட்டும் என்று ரெண்டு மூட்டை கொடுத்தேன். அவள் புருஷன் ஜெபகுமார் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், வாயில்லாப் பூச்சி, வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனான். ஒரு மாசம் கழித்து இரண்டு மூட்டையையும் திருப்பிக் கொண்டு வந்தார்கள். ஒரு மூட்டையில் அறுத்துப் போட்ட பாகங்கள். இன்னொரு மூட்டை முழுசாக இருந்தது.

"இது அத்தனையும் நல்ல உருப்படிண்ணா" என்றாள். "நான் ஒவ்வொண்ணா செக் பண்ணேன். சும்மாவே கழட்டிப் போட்டுக்கீறாங்க."

கடையில் அப்போது மூன்று மெக்கானிக்குகள் இருந்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கன்னாபின்னாவென்று கத்திவிட்டேன். உன் வேலையைப் பார், தொழிலில் தலையிடாதே என்றெல்லாம் சொன்னேன். அவள் நின்று முழுசையும் கேட்டுக்கொண்டு, "பன்னெண்டு காயில், எட்டு பம்ப்புண்ணா. எண்ணிப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூட்டையை நான் பிரிக்கவே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் படப்பையில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு தகர ஷெட்டைப் பிடித்து, இசை ஆட்டோ ஒர்க்ஸ் என்று போர்டு மாட்டினாள். வருகிறவர்களெல்லாம் அவளிடமே வந்து, "மெக்கானிக் இல்லியாம்மா?" என்று கேட்பார்கள். "அவரு உங்க முன்னாடிதான் நிக்கறாரு" என்பாள். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். மீதிப் பேர் வேறு வழியில்லாமல் நின்றார்கள், அவர்கள் இப்போதும் அவளிடம்தான் போகிறார்கள்.

அவள் முறை ரொம்பச் சின்னது. பெட்ரோல் வண்டி நின்றுபோனால் முதல் கேள்வி, கரண்டா பெட்ரோலா? பிளக்கில் பொறி வரவில்லையா, இல்லை என்ஜினுக்குப் பெட்ரோல் வரவில்லையா? அது எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்க்கிற வரைக்கும் ஸ்பேனரைத் தொட மாட்டாள். எங்கள் மெக்கானிக்குகள் அப்படி இல்லை. "ஒரு காயில் மாத்திப் பாக்கலாம், ஆகலன்னா பம்ப் மாத்தலாம்" என்பார்கள். எனக்கு அவர்கள் முறைதான் பிடிக்கும், ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஜோதி கதைக்கு வருகிறேன்.

ஜோதிக்கு நாற்பத்தோரு வயது, மணிமங்கலத்துக்காரி. வண்டி ஓட்டுகிற பொம்பளை என்றால் சுற்றுவட்டத்தில் அவளைத்தான் சொல்வார்கள். புருஷன் போன பிறகு அவர் வைத்திருந்த பழைய பெட்ரோல் வேனை விற்காமல் தானே ஓட்டக் கற்றுக்கொண்டாள். தினமும் காலையில் மணிமங்கலத்துப் பக்கத்து ஊர்களைச் சுற்றி ஏழு பெண்களை ஏற்றிக்கொண்டு, படப்பை வழியாக ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் எட்டேகாலுக்குள் இறக்கிவிட வேண்டும். எட்டேகால் தாண்டினால் ஏழு பேருக்கும் அரை நாள் போச்சு. அந்த டிரிப்தான் ஜோதிக்குச் சோறு, பெண்ணுக்குக் காலேஜ், எல்லாம்.

அந்த வேன் மூன்று மாசமாக நடுரோட்டில் நின்றது. பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் நன்றாக ஓடும். படப்பை தாண்டியதும் இழுக்காமல் திக்கும், திணறும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ரஞ்சித் என்று என் கடைக்கு வழக்கமாக வருகிற மெக்கானிக்கிடம் போனாள். அவன் காயிலை மாற்றினான். காயில் என்றால் பேட்டரியின் சின்னக் கரண்டைப் பெருக்கிப் பிளக்குக்கு அனுப்புகிற சாமான். சூடேறினால் அது படுத்துக்கொள்ளும், ஆறினால் எழுந்துகொள்ளும். ரஞ்சித் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நாலு நாள் ஓடியது, மறுபடி நின்றது. பெட்ரோல் பம்ப்பை மாற்றினான். நாலு நாள் ஓடியது, மறுபடி நின்றது. எல்லாம் என் கடைச் சாமான்தான்.

கடைசியில் ஜோதி இசைவாணியிடம் போய் நின்றாள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒன்றையும் கழற்றவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்தாள்.

"அக்கா, ஒரு வாரம் எழுதிக்கினு வா. எந்தக் கெழம, எத்தினி கிலோமீட்டர்ல நின்னுச்சு, டேங்க்ல எவ்ளோ பெட்ரோல் கீது, நின்னதும் நீ இன்னா பண்ண. நாலும் எழுது."

இதைக் கேட்டு என் கடையில் ஒரு வாரம் சிரித்தோம். வண்டிக்கு ஜாதகம் எழுதுகிறாள் என்றான் ரஞ்சித். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அந்த வாரக் கடைசியில் சனிக்கிழமை மத்தியானம் ஜோதி என் கடைக்கு வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. வெள்ளிக்கிழமையும் வேன் நின்றிருக்கிறது, அன்றைக்குக் காலையிலும் நின்றிருக்கிறது. ஆள் எடுத்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர் பாலாஜி கேட்டுக்கே வந்து சொல்லிவிட்டானாம்: திங்கட்கிழமை ஒரு நாள் பார்ப்பேன், அன்றைக்கும் லேட் என்றால் செவ்வாய்க்கிழமை முதல் வேறு வண்டி.

"அண்ணா, இன்னொரு காயில் குடுங்க. போன தபா குடுத்தது டுப்ளிகேட்டா இருக்கும்னு ரஞ்சித் சொல்றான்."

எனக்குச் சுருக்கென்றது. என் கடையில் டுப்ளிகேட்டா? ஒரிஜினல் காயில் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அப்போது பார்த்து இசைவாணி பெல்ட் வாங்க உள்ளே வந்தாள். காயிலைப் பார்த்தாள், ஜோதியைப் பார்த்தாள்.

"குடுக்காதீங்கண்ணா."

"இன்னாம்மா, கடை என்துதானே?"

"கடை உங்க கடதான். வண்டிய பாக்கறது நானு. அக்கா, நோட்ட குடு."

வாங்கி, நின்றபடியே படித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளி நின்றது, சனி நின்றது, திங்கள் நின்றது. செவ்வாய், புதன், வியாழன் நிற்கவில்லை. மறுபடி வெள்ளி, சனி நின்றது. டேங்க் என்ற இடத்தில் வெள்ளிக்கிழமை ஃபுல். புதன்கிழமை கால் டேங்க். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது ஓடுகிறது, நிறைய இருக்கும்போது நிற்கிறது. உலகத்தில் எந்த வண்டியாவது இப்படிச் செய்யுமா என்று நான் கேட்டேன்.

"நிக்குதேன்ற பயத்துலதாண்ணா வெள்ளிக்கெழம ஆனா ஃபுல் டேங்க் போட்டுடுவேன்" என்றாள் ஜோதி.

இசைவாணி கடைசிக் கட்டத்தில் விரலை வைத்திருந்தாள். நின்றதும் என்ன செய்தாய் என்ற இடத்தில் ஐந்து தடவையும் ஜோதி ஒரே மாதிரி எழுதியிருந்தாள்: ஒன்றும் செய்யவில்லை.

"ஒண்ணும் செய்யாம எப்படிக்கா மறுபடி ஓடுச்சு?"

"கொஞ்ச நேரம் நின்னா தன்னால ஓடும் வாணி."

"தன்னால எதுவும் ஓடாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலைல சர்ச் முடிச்சுட்டு வர்றேன். ஃபுல் டேங்க் போட்டுகினு அதே ரூட்டுல போவோம். நின்னாதான் கண்டுபிடிக்க முடியும். நீங்களும் வாங்கண்ணா. காயிலும் கையோட எடுத்துக்கங்க. கரண்ட் வரலன்னா நானே மாட்டறேன்."

இப்படிக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? காயிலை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மணிமங்கலத்தில் போய் நின்றேன். இவள் தோற்றுப்போவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது, அதை மறைப்பானேன்.

ஜோதியின் வேன் கோயில் மாதிரி இருந்தது. நாலு சக்கரத்துக்கும் பொட்டு, லைட்டுக்குப் பொட்டு, ஸ்டியரிங்குக்குப் பொட்டு. கண்ணாடிக்கு மேல் மாலை. ஏழு பெண்களின் எடைக்கு ஈடாக ஷெட்டிலிருந்து மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து பின்னால் ஏற்றியிருந்தாள் இசைவாணி. வழக்கமாக நிற்கிற ஊர்களில் எல்லாம் நிறுத்தி, யாரும் ஏறாவிட்டாலும் கதவைத் திறந்து மூடி, அதே வேகத்தில் போனோம். மாடம்பாக்கத்துப் பக்கம் சுற்றி வந்து படப்பை மார்க்கெட் நெரிசலையும் தாண்டியாயிற்று. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. இது இன்றைக்கு நிற்காது, நமக்கு ஞாயிற்றுக்கிழமை வீண் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு திக்கல். பிறகு இன்னொன்று. ஜோதி ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி சோர்ந்துபோய், ஒரு பிளாட் விளம்பரப் பலகைக்குக் கீழே ஒதுங்கி நின்றது.

ஜோதி கதவைத் திறந்து இறங்கி, பின்பக்கமாக நடந்தாள்.

"அக்கா, நில்லு. எங்க போற?"

"சாமி கும்பிட்டு வந்துடறேன்."

"எங்க கும்பிடுவ?"

"பின்னாடிதான், பெட்ரோல் மூடியண்ட. தொறந்து பெட்ரோல் கீதான்னு பாத்துட்டு, மூடிட்டு, தொட்டுக் கும்பிடுவேன். அப்பால ஸ்டார்ட் பண்ணா ஓடும்."

"ஒவ்வொரு தபாவுமா?"

"ஒவ்வொரு தபாவும்."

"நோட்டுல ஒண்ணும் செய்யலன்னு எழுதினியே."

ஜோதி அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "சாமி கும்பிடறது ரிப்பேர் வேலையா?"

இசைவாணி இரண்டு கையையும் தூக்கினாள். "யாரும் எதையும் தொடாதீங்க. மூடிய தொறக்காத. அப்படியே இரு."

முன் சீட்டைத் தூக்கினாள். அந்த வேனில் என்ஜின் அங்கேதான் இருக்கும். முதலில் கரண்ட். ஒரு பிளக் ஒயரைப் பிடுங்கி, கையோடு கொண்டு வந்திருந்த பிளக்கில் மாட்டி, என்ஜின் இரும்பில் அணைத்து வைத்து, ஜோதியைச் சாவி திருகச் சொன்னாள். பளிச், பளிச் என்று நீலமாகப் பொறி அடித்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கரண்ட் வருதாண்ணா?"

வருகிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. கையில் இருந்த பை கனத்தது.

அடுத்தது பெட்ரோல். பொறியும் பெட்ரோலும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் நாம் மூவரும் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று சொல்லி, காயில் ஒயரை முதலில் கழற்றி ஓரமாகக் கட்டி வைத்தாள். பிறகு கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொண்டு வருகிற ரப்பர் குழாயை உருவி, ஒரு பாட்டிலுக்குள் விட்டாள். "திருகுக்கா." என்ஜின் சுற்றியது. பாட்டிலில் இரண்டு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது, புதுப் பம்ப் இருக்கிறது, பாட்டில் காய்ந்து கிடக்கிறது.

"பம்ப்புதான்" என்றேன். "ரஞ்சித் ஒழுங்கா மாட்டல."

"இருங்கண்ணா, அவசரப்படாதீங்க."

மூடிச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். பெட்ரோல் மூடிக்கு மேலிருந்த சின்னக் கதவைத் திறந்தாள். உள்ளே கறுப்பு நிறத்தில் பூட்டு மூடி. அதைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மூன்று மாசத்துக்கு முன்னால் யாரோ பெட்ரோல் திருடுகிறார்கள் என்று ஜோதி வந்து கேட்டபோது நானே எடுத்துக் கொடுத்தது. அதன் மேல் சந்தனம் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் பளபளவென்று இருந்தது.

இசைவாணி காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூடியை மெதுவாகத் திருகினாள். புஸ்ஸ் என்று ஒரு சத்தம், டேங்க் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிற சத்தம். ரோட்டில் லாரி போகிற இரைச்சலிலும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"இப்ப திருகுக்கா."

பாட்டிலில் பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. அதே பம்ப், அதே குழாய்தான்.

என்ன நடந்தது என்று அவளே சொன்னாள். டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அதற்காகத்தான் மூடியில் ஒரு பொடி ஓட்டை வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டை அடைபட்டால், இளநீரின் வாயைச் சுற்றி அடைத்துவிட்டு ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரிதான், கொஞ்ச நேரத்தில் ஒன்றும் மேலே வராது. ஃபுல் டேங்க் என்றால் உள்ளே காற்றுக்கு இடமே கம்மி, சீக்கிரம் திணறும். டேங்க் காலியாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போய் எல்லாம் சரியாகிவிடும். அப்புறம் என்ன, ஸ்டார்ட் ஆகாமல் என்ன செய்யும்?

"அங்க எதுக்குக்கா பொட்டு வச்ச?" என்று கேட்டாள்.

ஜோதி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்துக்கும் வைக்கறேன், பெட்ரோலுக்கு வைக்க வேணாமா? அந்த மூடில சின்னதா ஒரு குழி இருந்துச்சு. பொட்டு வைக்கத்தான் வச்சுக்கீறாங்கன்னு நெனச்சேன்."

மூடியை வாங்கிப் பார்த்தேன். சந்தனத்துக்குக் கீழே வட்டமாக ஒரு குழி, அதன் நடுவில் ஓட்டை. சத்தியமாகச் சொல்கிறேன், பொட்டு வைக்க அளவெடுத்துச் செய்தது மாதிரிதான் இருந்தது. இந்த ஊரில் பிறந்தவர் யாராக இருந்தாலும் விரல் தானாக அங்கே போகும். பதினெட்டு வருஷமாக இந்த மூடிகளை விற்கிறேன், ஓட்டையை அடைக்காதீர்கள் என்று ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வெள்ளிக்கெழம வைப்பியா?"

"மொதல்ல வெள்ளிக்கெழம மட்டுந்தான் வச்சேன். வண்டி நிக்க ஆரம்பிச்சதும் சனிக்கெழமையும் வச்சேன். அப்பால..." ஜோதி நிறுத்தினாள். கணக்கு அவளுக்கே புரிய ஆரம்பித்துவிட்டது. "நிக்க நிக்க கெட்டியா வச்சேன் வாணி."

வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அப்போ நான் கும்பிட்டதாலதான் நின்னுச்சா? மூணு மாசமா அந்தப் பொண்ணுங்க அரை நாள் அரை நாளா போனது என்னாலயா?" என்று அழுதாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மூடி விற்றவன் நான், காயில் விற்றவன் நான், பம்ப் விற்றவனும் நானே. அவள் பாவம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

இசைவாணிக்குத் தேற்றத் தெரியாது. யாரையும் தட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. "அழுவாதக்கா" என்றுகூடச் சொல்லவில்லை. "இது இன்னும் முடியல, எழுந்திரு" என்றாள்.

"அதான் கண்டுபிடிச்சாச்சே" என்றேன்.

"ஒரு தபா நடந்தத வச்சு நான் நம்ப மாட்டேண்ணா. தற்செயலாவும் இருக்கலாம்."

குழாயையும் ஒயரையும் மாட்டி, மூடியைப் பொட்டோடு அப்படியே பூட்டி, மறுபடி மணிமங்கலம் போய், ஓடிக் குறைந்த பெட்ரோலை ஈடு செய்து, அதே ரூட்டில் இரண்டாவது தடவை கிளம்பினோம். மணி பதினொன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குப் பசி, கோபம் கோபமாக வந்தது. ஏறக்குறைய அதே இடத்தில் வண்டி திக்கியது, நின்றது. இந்தத் தடவை அவள் என்ஜினைத் தொடவே இல்லை. மூடியையும் திறக்கவில்லை. ஒரு குண்டூசியை எடுத்து அந்தக் குழியில் சந்தனத்தைக் குத்தித் துளைத்தாள். உள்ளே காற்று இழுக்கிற சத்தம் சன்னமாகக் கேட்டது. பிறகு சந்தனத்தை முழுசாகச் சுரண்டி எடுத்தாள். எடுத்ததைக் கீழே போடவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து ஜோதியின் கையில் கொடுத்தாள். அவள் சர்ச்சுக்குப் போகிறவள், ஆனால் அதை அவள் கொடுத்த விதம் எனக்கு மறக்காது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு. நிக்கவே கூடாது."

ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய், திரும்பி படப்பை வந்தோம். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. ஷெட்டில் இறங்கியதும் நான் பையோடு காயிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "எடுத்துனு போங்கண்ணா, நல்ல காயில்தான்" என்றாள் இசைவாணி. சிரிக்காமல் சொன்னாள், அதுதான் எரிச்சல்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் போகாமல் படப்பைக்குப் போனேன். ஜோதியின் வேன் ஷெட் வாசலில் நின்றது, ஃபுல் டேங்க். இருக்கிறதிலேயே மோசமான நிலைமையில்தான் ஓடிக் காட்ட வேண்டும் என்று இசைவாணி சொல்லியிருந்தாளாம். வேனைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஒரு பொட்டுகூட இல்லை. சக்கரம், லைட், ஸ்டியரிங் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தாள். சந்தனக் கிண்ணம் மட்டும் கையில் இருந்தது.

"வைக்கவும் பயமா கீது, வைக்காம வண்டி எடுக்கவும் பயமா கீது" என்றாள் ஜோதி. "எது எதுல ஓட்ட கீதுன்னு எனக்குத் தெரியுமா?"

இசைவாணி மஞ்சள் பேனாவை எடுத்தாள். முந்தின நாள் கழற்றி மாட்டிய குழாயின் பிடிக்கு ஒரு புள்ளி, பிளக் ஒயருக்கு ஒரு புள்ளி வைத்திருந்தாள். அதைக் காட்டினாள்.

"நானும் பொட்டு வைக்கறவதாங்க்கா. பாத்து முடிச்ச எடத்துலதான் வைப்பேன். சாமி மேல ஒண்ணும் தப்பில்ல, நீ அத ஓட்டைல உக்கார வச்சுட்ட, அவ்ளோதான்."

பிறகு பெட்ரோல் மூடியைத் திறந்து, அந்தக் குழிக்குப் பக்கத்தில், குழியில் படாமல், ஒரு மஞ்சள் புள்ளி வைத்தாள். வெளிக்கதவைச் சாத்தி அதன் மேல் தட்டினாள். "இங்க வை. எவ்ளோ கெட்டியா வேணாலும் வை."

ஜோதி வைத்தாள். பிறகு சக்கரத்துக்கு, லைட்டுக்கு, ஸ்டியரிங்குக்கு. ஏழு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் இருவரும் ஷெட்டில் உட்கார்ந்திருந்தோம். ஏழே முக்காலுக்கு வேன் எங்களைக் கடந்து ஒரகடம் பக்கம் போனது. உள்ளே ஏழு தலைகள் தெரிந்தன. ஜோதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் வண்டி நின்றுபோகிற அந்த விளம்பரப் பலகை வரும். இசைவாணி ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்களையே துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் மூன்று டீ குடித்தேன். எட்டு மணி. எட்டு ஐந்து. போன் அடிக்கவில்லை.

எட்டு எட்டுக்கு அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கேட்டுக்குள்ள போய்ட்டாங்க வாணி. ஏழு பேரும் போய்ட்டாங்க. பாலாஜி வாட்ச்ச பாத்துகினு நின்னான். நாளைக்கும் வந்துடுன்னான்."

இசைவாணி துணியைக் கீழே வைத்தாள். "நடுவுல எங்கனா எறங்கி கும்பிட்டியா?"

"இல்ல" என்றாள் ஜோதி. "ஓட்டிகினே கும்பிட்டேன்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெட்ரோல் வாடை கண்ணைக் கரிக்கிறது என்று சொன்னேன். இசைவாணி ஷெட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். ஒரு பெட்ரோல் டப்பாகூடத் திறந்திருக்கவில்லை. கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புகிறவளா அவள்? துடைக்கிற துணியில் சுத்தமான பக்கமாகப் பார்த்து என்னிடம் நீட்டினாள்.